ஈரச்சாக்கும் பதினோரு கிலோவும்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் கோபத்தில் பாதி விட்டுப்போகும்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கிற ஆலைகளில் நீராவி ஓடும் குழாய்களில் பாதிக்கு மேல் என் பட்டறையில் வளைத்தவை. ஸ்ரீவில்லிபுத்தூரில், விறகுப் புகை இல்லாமல் ஆவியிலேயே பாலைச் சுண்ட வைக்கும் இரட்டைச் சுவர்ச் சட்டியை முதலில் செய்து நிறுத்தியவன் நான். அதில் கிண்டினால் பால்கோவாவுக்கு ருசி வராது என்று சொன்ன கடைக்காரரே அடுத்த வருஷம் இரண்டாவது சட்டிக்கு வந்து நின்றார். வத்திராயிருப்பில் நெல் அவிக்கும் தொட்டிகள் ஏழு. மாம்பழக் கூழ் காய்ச்சும் கொப்பரை ஒன்று. பாய்லரை மட்டும் நான் கட்டியதில்லை. அதற்குச் சர்க்கார் முத்திரை வேண்டும், வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கும். லாரி திரும்பிப் போன பிறகு அந்த இரும்பு உருளைக்கு உயிர் கொடுத்தது யார்? குழாய், வால்வு, வளைவு, குளிர்ந்த தண்ணீர் திரும்பி வருகிற பாதை, அத்தனையும் நான்.

படிப்பு ஆறாம் வகுப்பு. அதிலும் கணக்கில் தேறவில்லை. அத்தா சைக்கிளில் கருவாடு விற்றார். எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த சைக்கிள்தான். தொழில் தொடங்கும்போது வாடகை வெல்டிங் செட், ஒழுகுகிற தகரக் கூரை, ஒரு நாளைக்கு எட்டு முறை நின்றுபோகும் மின்சாரம். வலது கையில் ஆள்காட்டி விரலின் நுனி இல்லை, ஒரு வால்வு நசுக்கிவிட்டது. அந்தக் கையோடுதான் இவ்வளவும் செய்தேன். பெருமையடிக்கிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். செய்தவன் பெருமையடிப்பதில் எனக்கு வெட்கமில்லை. அடுத்தவன் செய்ததைத் தான் செய்ததாக எழுதுகிறவனைக் கண்டால்தான் குமட்டிக்கொண்டு வருகிறது. இது அப்படி எழுதிய ஒருவரைப் பற்றியது.

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியர் என் பட்டறைக்கு வந்தார். வேறு மாவட்டத்துக் கல்லூரி. பெயரை எழுத மாட்டேன். கூடவே இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள், இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. காரை விட்டு இறங்கியதும் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, "இங்க நல்ல நாய்க்குட்டி எங்க கிடைக்கும் பாய்?"

ராஜபாளையம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நாய்தான். நாற்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவன் எதிரே நிற்கிறேன், நாயை விசாரிக்கிறார்.

என் பட்டறை வெல்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், தெலுங்கு பேசும் குடும்பத்துக்காரர், வாய் சும்மா இருக்காது. முகமூடியைத் தூக்கிவிட்டு, "நாய் வேணும்னா வேற தெருவுக்குப் போங்க சார். இங்க இருக்கது நானும் பாயுந்தான். ரெண்டு பேருக்குமே கழுத்துப்பட்டை கிடையாது" என்றார்.

பேராசிரியர் சிரித்தார். சிரித்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நாற்காலி போட்டேன், டீ வாங்கி வரச் சொன்னேன்.

அவருக்கு வேண்டியது இதுதான். பாய்லருக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. குழாயில் ஒரு ஓட்டை விழுந்தால் அந்தத் தண்ணீர் வெளியே பாயும்போதே ஆவியாக மாறும். தண்ணீரும் ஆவியும் கலந்து ஓடும். அப்படி நிமிஷத்துக்கு எத்தனை கிலோ வெளியேறும் என்று முன்கூட்டியே சொல்கிற ஒரு கணினிக் கணக்கை அவர்கள் எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க நிஜமான பாய்லரில் அளந்து பார்க்க வேண்டும். அவர்கள் கல்லூரி பாய்லர் துருப்பிடித்து நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. என் பட்டறையில், சட்டிகளைச் சோதிப்பதற்காக வாங்கிப் போட்ட சின்ன பாய்லர் ஒன்று முத்திரையோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆலை முதலாளி என்னைக் கைகாட்டியிருக்கிறார்.

"அந்தக் கணக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

பேராசிரியர் சாய்த்து வைத்திருந்த இரும்புத் தகட்டில் சுண்ணக்கட்டியால் எழுதினார். "நிலைச் சமன்பாடுன்னு ஒண்ணு இருக்கு பாய். ஒரு பொருளோட அழுத்தம், சூடு, அடர்த்தி, இந்த மூணுல ரெண்டு தெரிஞ்சா மூணாவது தானா வந்துடும். தண்ணிக்கு ஒரு சமன்பாடு, ஆவிக்கு ஒரு சமன்பாடு. ரெண்டும் கலந்து ஓடுற இடத்துல ரெண்டையும் சேர்த்துப் போட்டிருக்கோம்."

"தண்ணிக்குச் சரி, ஆவிக்குச் சரி. தண்ணி ஆவியா மாறிக்கிட்டு இருக்குல்ல, அந்த நேரத்துக்கு?"

"அப்படி தனியா ஒரு நேரம் கிடையாது பாய். அழுத்தம் இறங்கின உடனே மாறிடும். அதுதான் இயற்கை."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாக மெருகு போட்ட எவர்சில்வர் சட்டியில் தண்ணீர் கொதிக்க வேண்டிய சூட்டையும் தாண்டிப் போய், சத்தமில்லாமல் கிடந்து, திடீரென்று ஒரே எகிறாக எகிறி ஆள் மேல் கொட்டியதைப் பார்த்தவன் நான். உடனே மாறிவிடும் என்பதை என்னிடமா சொல்வது? ஆனால் வந்த விருந்தாளியிடம் முதல் நாளே வாக்குவாதம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அளக்கிற முறை என்னுடையது. அதை விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

ஒரு டிரம்மில் பாதிக்குப் பச்சைத் தண்ணீர். அதைப் பஞ்சு மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றி எடை பார்ப்பது. பாய்லரின் அடிப்பகுதியிலிருந்து வரும் குழாயில் பித்தளைக் கட்டி ஒன்று, சுண்டுவிரல் நீளம், நடுவில் நாலு மில்லிமீட்டர் ஓட்டை. அதற்குப் பிறகு வருகிற குழாயின் வாய் டிரம்மின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முங்கி இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் திறந்து மூடினால் தண்ணீரும் ஆவியும் பச்சைத் தண்ணீருக்குள் போய் அடங்கும். மறுபடி எடை பார்த்தால் கூடிய எடைதான் ஓட்டை வழியே வந்தது. டிரம்மில் பிடிக்கிற இந்த வித்தையை ஒரு பழைய நூற்பாலை பாய்லர்காரரிடம் நான் கற்றேன். அதை என்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நான் சேர்த்தது சாக்கு. கோணிச் சாக்கை நாலாக மடித்துத் தண்ணீரில் ஊறவைத்து, நடுவில் குழாய்க்கு மட்டும் கிழித்து, டிரம்மின் வாயை மூடுவேன். தண்ணீரில் அடங்காமல் மேலே வருகிற ஆவியும் தெறிக்கிற துளிகளும் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் எடையும் சாக்கோடு, கடைசி எடையும் சாக்கோடு. ஒரு கைப்பிடி ஆவிகூடக் கணக்கிலிருந்து தப்பாது.

அழுத்தம் காட்டும் முள்ளை ஐந்து கிலோவில் நிறுத்தி மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் நிமிஷத்துக்குப் பதினோரு கிலோவை ஒட்டி வந்தது.

பேராசிரியர் மடிக்கணினியைத் திறந்தார். அவர் கணக்கு எட்டரை என்றது.

"அளவுல ஏதோ தப்பு பாய்."

"எது தப்பு?"

"இந்தத் தராசு மூட்டை நிறுக்கறது. இதுல நுணுக்கமா வராது."

"நூறு கிராம் கல்லு வச்சாலும் முள்ளு அசையும். வச்சுப் பாருங்க."

அவர் வைத்துப் பார்க்கவில்லை. நோட்டை எடுத்து என் மூன்று அளவுகளின் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழுதினார். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்கிற தைரியம். கண்ணாடி போட்ட மாணவரைத் தனியே கூப்பிட்டு, "அது என்ன வார்த்தை?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தள்ளுபடின்னு அர்த்தம் சார்" என்றார்.

என் பட்டறை. என் பாய்லர். என் தராசு. அங்கேயே உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே என் அளவைத் தள்ளுபடி செய்கிறார். இந்த ஊரில் என் அளவை நம்பி எத்தனை ஆலைகள் குழாய் போட்டிருக்கின்றன. ஒரு அங்குலம் பிசகியிருந்தால் ஆள் செத்திருப்பான். ஒருவரும் சாகவில்லை. அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தபோது, யாரோ என் சோற்றுத் தட்டில் துப்பியதுபோல இருந்தது.

வெல்டர் வெல்டிங் செட்டை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். "ஏன் பாய், வாயில ஈயம் காய்ச்சி ஊத்தின மாதிரி நிக்கீங்க? கேட்டுற வேண்டியதுதானே?"

"செத்த நேரம் பொறுங்க. அவுகளே அளந்து பாக்கட்டும்."

மறுநாள் அவர்களே அளந்தார்கள். புதுத் தராசு கொண்டுவந்தார்கள், மின்சாரத்தில் எண் காட்டுவது. டிரம்மைக்கூட வெள்ளைச் சாயம் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். சாக்கை நான் ஊறவைத்துத் தயாராக வைத்திருந்தேன். பேராசிரியர் அதைச் செருப்புக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"இது வேண்டாம் பாய். கட்டுரைக்குப் படம் எடுக்கணும். படத்துல அழுக்குச் சாக்கு இருந்தா அசிங்கமா இருக்கும்."

குழாய் வாயையும் மேலே தூக்கிவிட்டார்கள். தண்ணீருக்குள் ஆழமாக முங்கிக் கிடந்தால் படத்தில் தெரியாதாம். நாலு விரல் ஆழத்தில் நிறுத்தினார்கள். நான் எதிர்ப்பக்கம் சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வால்வைத் திறந்தார்கள். டிரம்மின் வாயிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி எழும்பியது. தண்ணீர் தெறித்துத் தரை நனைந்தது. கண்ணாடிக்காரர் எண்ணைப் பார்க்கக் குனிந்தவர் நிமிர்ந்தபோது இரண்டு சில்லும் பால் ஊற்றியதுபோல மூடிக்கிடந்தன. துடைத்துக்கொண்டே எண்ணைச் சொன்னார். எட்டே முக்கால்.

என்ன ஒரு கொண்டாட்டம்! பேராசிரியர் இரண்டு மாணவர்களுக்கும் கைகொடுத்தார். "பாத்தீங்களா பாய், சமன்பாடு எட்டரை சொல்லுச்சு, அளவு எட்டே முக்கால். விஞ்ஞானம்னா இதான்." என் தோளில் தட்டினார். அந்தக் கை பட்ட இடத்தை அப்புறம் துணி வைத்துத் துடைத்தேன். பொய் சொல்லவில்லை.

வெல்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சார், தரையில கிடக்க தண்ணிய யாரு வீட்டுக் கணக்குல எழுதுவீக?"

யாரும் சிரிக்கவில்லை. நான் முன்னால் போனேன். "உங்க அளவுல குறையுற ரெண்டேகால் கிலோவும் எங்கயும் போகல. கொஞ்சம் தரையில கிடக்கு, கொஞ்சம் அவர் கண்ணாடியில இருக்கு, மிச்சம் என் கூரைத் தகரத்துல சொட்டிக்கிட்டு இருக்கு. நிமிந்து பாருங்க."

நிமிர்ந்து பார்த்தார். கூரையிலிருந்து ஒரு சொட்டு அவர் நெற்றியிலேயே விழுந்தது.

தப்பான கணக்கும் தப்பான அளவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய்விட்டன. அதை அவர்கள் உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். இதைவிட அருவருப்பான ஒன்றை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. வெல்டிங்கில் ஓட்டை இருந்தால் தண்ணீர் ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். இவர்கள் கண் முன்னாலேயே ஒழுகியது. அப்போதும் அவர்களுக்குத் தெரியவில்லை.

"இப்ப சாக்கோட பிடிங்க. குழாய் வாயை அடியில இருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்குங்க. நான் தொட மாட்டேன். உங்க தராசு, உங்க டிரம்மு, உங்க கை" என்றேன்.

பேராசிரியர் மனசில்லாமல்தான் செய்தார். பதினொன்று வந்தது. மறுபடி செய்தார். பதினொன்றுக்கு நூறு கிராம் குறைவு. மூன்றாம் முறை அவரே சாக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், வெள்ளைச் சட்டையில் கோணித் தூசி ஒட்டியது. பதினொன்று.

நோட்டைத் திறந்தார். நேற்றுப் போட்ட கோட்டை அழிக்கவில்லை. புதுப் பக்கத்தில் புது எண்களை எழுதினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஏன் கூடுது பாய்?"

இந்த ஒரு கேள்விக்காக அந்த ஆள் மேல் எனக்கு அன்றைக்கு மரியாதை வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பாய்லரின் தண்ணீர் மட்டம் பார்க்கிற தடிக் கண்ணாடிக் குழாய் ஒன்று பழசு கிடந்தது. அதைப் பித்தளைக் கட்டிக்கு அடுத்தாற்போல மாட்டி, சுற்றி இரும்புக் கூண்டு வைத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வால்வைத் திறந்தேன். ஓட்டையிலிருந்து வெளிவந்த தண்ணீர் ஒரு விரல்கணு தூரம் கண்ணாடி மாதிரித் தெளிவாக ஓடியது. அதற்கு அப்புறம்தான் பொங்கி வெள்ளையானது.

"பாத்தீங்களா? தண்ணி ஆவியா மாற அதுக்குன்னு கொஞ்சம் நேரம் வேணும். ஓட்டைக்குள்ள இருக்கும்போது அந்த நேரம் அதுக்குக் கிடைக்கல. சூடு ஏறிக் கிடந்தும் தண்ணியாவே வெளிய வந்துருது. தண்ணி கனம், ஆவி லேசு. அதான் எடை கூட வருது. நீங்க ஓட்டைக்குள்ளேயே ஆவியாக்கிட்டீங்க, அதான் உங்க கணக்கு குறையுது."

பேராசிரியர் குனிந்து அந்த விரல்கணுவை வெகுநேரம் பார்த்தார். கைப்பேசியில் படம் எடுத்தார். பிறகு மாணவர்களிடம் வேகவேகமாக ஆங்கிலத்தில் பேசினார். கண்ணாடிக்காரர் எனக்குச் சொன்னார்: தண்ணீருக்கான சமன்பாட்டைக் கொதிநிலையோடு நிறுத்திவிடாமல், அதைத் தாண்டியும் கொஞ்ச தூரம் தண்ணீராகவே நீட்டப் போகிறார்களாம். அப்புறம் ஒரு தாமதம் வைத்து ஆவியின் சமன்பாட்டுக்குப் போவார்களாம். அதாவது நான் சொன்னதையே.

பத்து நாள் வந்துபோனார்கள். வேறு வேறு அழுத்தம், வேறு வேறு ஓட்டை. பித்தளைக் கட்டி பன்னிரண்டு கடைந்து கொடுத்தேன். கடைசி நாள் கிளம்பும்போது பேராசிரியர், "கட்டுரையில உங்க பேர் வரும் பாய்" என்றார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். வெல்டர் சாட்சி.

ஒன்றரை வருஷம் ஒரு பேச்சில்லை. திடீரென்று போன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆலைக்காரர்களுக்கான கருத்தரங்கு, நான் கட்டாயம் வர வேண்டும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனேன். என் மகளும் வந்தாள். அவள் வத்திராயிருப்பில் பள்ளிக்கூட ஆசிரியை, வேதியியல் எடுக்கிறாள். லீவு போட்டுவிட்டு வந்தாள். மண்டபத்தில் பன்னீரும் சாம்பாரும் கலந்த வாடை. மேடையில் திரை.

திரையில் அவர்களுடைய வெள்ளை டிரம் வந்தது. வாயில் கோணிச் சாக்குக்குப் பதிலாக வெள்ளைத் துணி, அதுவும் ஈரமாகத்தான் இருந்தது. அது வேறொரு நாள் கல்லூரியில் வைத்து எடுத்த படம். அடுத்த படம் கண்ணாடிக் குழாய். அது என் பட்டறையில் எடுத்ததுதான். கூண்டின் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது, மணிக்கட்டோடு வெட்டிவிட்டிருந்தார்கள். நுனியில்லாத விரல் தப்பித்து உள்ளே நின்றது.

மகள் என் முழங்கையைப் பிடித்தாள். "அத்தா, அது உங்க விரலு."

"தெரியுதும்மா. பேசாம இரு, பேரு சொல்லுவாக."

சொல்லவில்லை. 'எங்கள் குழு கண்டறிந்த தாமத விளைவு' என்றார். 'எங்கள் குழு உருவாக்கிய ஈர மூடி முறை' என்றார். சாக்குக்கு மூடி என்று பெயர் வைத்து, சட்டை மாட்டி, பவுடர் போட்டு மேடையேற்றிவிட்டார்கள். ஆலைக்காரர்கள் கைதட்டினார்கள். அவர்களில் நாலு பேர் ஆலையில் ஓடுவது நான் போட்ட குழாய்.

முடிவில் என்னை மேடைக்கு அழைத்தார்கள். "நம்ம பாய் ரொம்ப நல்ல மனுஷர். பத்து நாளும் டீ வாங்கிக் கொடுத்து, இடம் கொடுத்து உதவினார்" என்று சொல்லி ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். மஞ்சள் நிறம், தொட்டால் வழுக்குகிற நூல், ஓரத்தில் கடைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அது கழுத்தில் உரசியது. நம் ஊர்ப் பக்கம் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒருவனுக்கு உரியதைக் கொடுக்க மனமில்லையென்றால் சால்வையைப் போர்த்தி மூடிவிடுவது. போட்டோ எடுக்கச் சிரிக்கச் சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் தெரியும்.

சாப்பாட்டு வரிசையில் கண்ணாடிக்கார மாணவரைப் பிடித்தேன். அவர் என்னைக் கண்டதும் இலையை மாற்றி உட்காரப் பார்த்தார்.

"ஏலே, ஓடாத. கட்டுரைய ஒரு பிரதி குடு. வேற ஒண்ணும் கேக்கல."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "நான் உங்களைச் சேர்க்கணும்னுதான் சொன்னேன் சார். அவர்தான்..." என்று இழுத்தார். முடிக்கவில்லை. கட்டுரையை வாங்கி மகளிடம் கொடுத்தேன்.

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பஸ்ஸிலேயே மகள் வரி வரியாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். சமன்பாடு பக்கம் பக்கமாக இருந்தது. அது எனக்கு வேண்டாம் என்றேன். "அளவு எடுத்தத பத்தி என்ன இருக்கு, அத வாசி."

வாசித்தாள். அளவுகள் எங்கள் ஆய்வகத்தில் எடுக்கப்பட்டன என்று இருந்தது. டிரம் முறையும் ஈர மூடியும் கட்டுரை ஆசிரியர்களால் உருவாக்கப்பட்டவை என்று இருந்தது. பன்னிரண்டு பித்தளைக் கட்டிகள் துல்லியமாகக் கடையப்பட்டன என்று இருந்தது. யார் கடைந்தது என்று இல்லை.

"கடைசில நன்றின்னு ஒரு பகுதி இருக்கு அத்தா."

"அதுல?"

அவள் அந்த வரியில் விரலை வைத்தாள். "உள்ளூர் உதவியாளர்களுக்கு நன்றின்னு போட்டிருக்கு."

உதவியாளர்கள். எழுபதை நெருங்குகிற வயதில் நான் உதவியாளன். அதிலும் பன்மை. என்னையும் டீ கொண்டுவந்தவரையும் ஒரே கரண்டியால் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். டீ கொண்டுவந்தவரை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. அவருக்கும் பெயர் இருக்கிறது, அதையாவது எழுதியிருக்கலாம்.

மறுநாள் போன் போட்டேன். மகள் பக்கத்தில் இருந்தாள், ஒலிபெருக்கியில் வைத்திருந்தோம்.

"பாய்! எப்படி இருக்கீங்க? சால்வை பிடிச்சுதா?"

"சால்வைய வெல்டரு வண்டி துடைக்க எடுத்துக்கிட்டாரு. நான் கட்டுரைய பத்திப் பேசக் கூப்பிட்டேன். அளவு எம்பட்டறையில எடுத்தது. உங்க ஆய்வகம்னு எப்படிப் போட்டீங்க?"

"அது ஒரு வழக்கம் பாய். வெளியூர்ப் பட்டறைன்னு போட்டா பத்திரிகைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க."

"சாக்கு?"

"சாக்குன்னு ஆங்கிலத்துல எழுத முடியுமா? ஈர மூடின்னு போட்டோம். அதுல என்ன இருக்கு?"

"அத உருவாக்குனது யாரு?"

"பாய், உங்களுக்குப் புரியாது. கட்டுரை ஆசிரியர்னா சமன்பாட்டை எழுதத் தெரியணும். உங்களுக்கு நிலைச் சமன்பாடு தெரியுமா? சொல்லுங்க."

மகள் பதில் சொல்லப் போனாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆனா பதினொன்னு வர வேண்டிய எடத்துல எட்டரை சொல்லுச்சு உங்க சமன்பாடு. எங்க தப்புன்னு உங்களுக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சத ரெண்டு பேரு பேருலயும் போட வேண்டியதுதானே?"

"சரி பாய், அடுத்த கட்டுரையில நன்றிப் பகுதியில உங்க பேரையே போடறேன். சந்தோஷமா?"

நான் போனை வைத்துவிட்டேன். சந்தோஷமா என்று கேட்கிறார், மிட்டாய் கொடுத்துவிட்டுக் கேட்பதைப் போல.

அதற்குப் பிறகு இரண்டு கடிதம் அனுப்பினேன். மகள் ஆங்கிலத்தில் எழுதி, நான் கையெழுத்துப் போட்டது. ஒன்று பேராசிரியருக்கு, ஒன்று பத்திரிகைக்கு. பேராசிரியரிடமிருந்து பதில் இல்லை. பத்திரிகையிலிருந்து, கட்டுரையின் முதல் ஆசிரியரைத் தொடர்புகொள்ளவும் என்று பதில் வந்தது. திருடியவரிடமே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். வெல்டர், "விடுங்க பாய், எம்புட்டு ஆலைக்கு எம்புட்டு வேலை பாத்திருக்கோம், எந்தக் குழாயில நம்ம பேரு இருக்கு?" என்றார். குழாயில் பேர் இல்லைதான். ஆனால் எந்தக் குழாயிலும் வேறொருவர் தன் பெயரைப் பொறித்துக்கொண்டதும் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப விடாதீங்க" என்றார்.

விடவில்லை. அதனால்தான் இதைத் தமிழில், அச்சில் போடுகிறேன். என் பங்கு எது, எது இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவிடுகிறேன். சமன்பாடுகள் அவருடையவை. அதில் ஒரு எழுத்துக்கும் நான் உரிமை கேட்கவில்லை. கணினிக் கணக்கு மாணவர்களுடையது. டிரம்மில் ஆவியைப் பிடித்து நிறுக்கும் வித்தை அந்தப் பழைய பாய்லர்காரருடையது. அவர் பெயரும் ஊரும் எனக்குத் தெரியும், கேட்டால் கொடுப்பேன். ஈரச்சாக்கு என்னுடையது. சாக்கோடு சேர்த்து இரண்டு முறையும் எடை பார்ப்பது என்னுடையது. பித்தளைக் கட்டிகள் நான் கடைந்தவை. தண்ணீர் ஓட்டையைக் கடக்கும்போது தண்ணீராகவே இருக்கிறது என்று முதலில் சொன்னதும், அதைக் கண்ணாடியில் காட்டியதும் நான்.

திருத்தம் என்று ஒரு அரைப்பக்கம் அதே பத்திரிகையில் வர வேண்டும். அளவுகள் ராஜபாளையத்தில் என் பட்டறையில் எடுக்கப்பட்டவை என்று அதில் இருக்க வேண்டும். கட்டுரை ஆசிரியர்கள் வரிசையில் என் பெயர் வர வேண்டும். கடைசிப் பெயராக இருந்தாலும் எனக்குக் குறையில்லை. பெயருக்குப் பக்கத்தில் படிப்பு என்ன என்று கேட்டால் ஆறாம் வகுப்பு என்றே போடுங்கள், கூச்சப்பட மாட்டேன். நன்றிப் பகுதியில் எனக்கு இடம் வேண்டாம். பேராசிரியரே, நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம், நான் செய்ததை நான் செய்தேன் என்று எழுதுங்கள்.